டொனெட்ஸ்கில் ஒரு கையெழுத்து: எம்எச்17-உம் பேச்சா ஆயுதமா என்ற வாதமும்

2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த மலேசியா ஏர்லைன்ஸ் எம்எச்17 விமானம், கிழக்கு உக்ரைனில் ஹ்ராபோவே கிராமத்தை ஒட்டிய வயல்களில் சிதறி விழுந்தது. அதில் இருந்த 298 பேரும் இறந்தார்கள். பெரும்பாலோர் நெதர்லாந்துக்காரர்கள். 43 பேர் மலேசியர்கள். விமானப் பணியாளர்கள் 15 பேரும் நம்மவர்கள். எம்எச்370 காணாமல் போய் நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. நோன்பு மாதம் வேறு. பெருநாளுக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

அடுத்த ஐந்து நாள்களில் கோலாலம்பூர் எடுத்த ஒரு முடிவைத்தான் இங்கே ஆராய்கிறேன். உக்ரைன் போர் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு அணி உருவாகிவிடுகிறது. ‘உட்கார்ந்து பேசினால் தீரும்’ என்று ஓர் அணி, ‘ஆயுதம் கொடுக்காமல் பேசி என்ன பயன்’ என்று மறு அணி. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் நாங்கள் நடத்தும் சனிக்கிழமைக் கலந்துரையாடலிலும் இதே கதைதான். இரண்டு அணிகளும் பெரும்பாலும் காற்றில் வாள் வீசுகின்றன. எம்எச்17 காற்றில் இல்லை. அது நம் விமானம், நம் பிரதமர் எடுத்த முடிவு, நம் அதிகாரி போட்ட கையெழுத்து. பேச்சு எதைப் பெற்றுத் தரும், எதைப் பெற்றுத் தராது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறில்லை.

யாரிடம் பேசுவது?

விமானம் விழுந்த இடம் சட்டப்படி உக்ரைன் மண். ஆனால் அங்கே துப்பாக்கியோடு நின்றவர்கள் ‘டொனெட்ஸ்க் மக்கள் குடியரசு’ என்று தங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டிக்கொண்ட, ரஷ்ய ஆதரவு பெற்ற குழுவினர். அவர்களுடைய ‘பிரதமர்’ அலெக்சாண்டர் போரோடாய் மாஸ்கோவிலிருந்து வந்தவர். ஐநா உறுப்பு நாடு எதுவும் அந்தக் குடியரசை அங்கீகரித்திருக்கவில்லை. கீவ் அரசோடு பேசுவதில் யாருக்கும் தடையில்லை. ஆனால் கீவ் அரசாலேயே அந்த வயலுக்குப் போக முடியாது. அது டொனெட்ஸ்கைச் சுற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் உடல்கள் கோடை வெயிலில் கிடந்தன. பிறகு அவை மூட்டைகளில் சேர்க்கப்பட்டு, தோரெஸ் ரயில் நிலையத்தில் குளிரூட்டப்பட்ட சரக்குப் பெட்டிகளில் ஏற்றப்பட்டன. ரயில் நகரவில்லை. பார்வையாளர்களாகப் போன ஐரோப்பியக் குழுவினரை ஆயுதம் ஏந்தியவர்கள் கூடவே நின்று கண்காணித்தார்கள். கறுப்புப் பெட்டிகள் இரண்டும் அதே குழுவின் கையில் இருந்தன.

கோலாலம்பூருக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, ஐநா வழியாக நெருக்கடி கொடுப்பது. அது நடக்கத்தான் செய்தது. ஜூலை 21 அன்று பாதுகாப்பு மன்றம் தீர்மானம் 2166-ஐ ஒருமனதாக நிறைவேற்றியது. ரஷ்யாவும் கை தூக்கியது. அந்த இடத்துக்குத் தடையின்றிப் போக விட வேண்டும் என்றது தீர்மானம். ஆனால் ஒரு தீர்மானம் ரயிலை நகர்த்தாது.

இரண்டாவது, படையை அனுப்பி இடத்தைக் கைப்பற்றுவது. இதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். நெதர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆயுதப் பாதுகாப்போடு குழு அனுப்புவதை உண்மையாகவே ஆராய்ந்தன. உறவினரை இழந்தவர்களின் கோபத்துக்கு அது பதிலாகத் தெரிந்தது. ஜூலை 27 அன்று நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ருட்டே, அங்கே ராணுவ மேலாதிக்கம் பெறுவது நடைமுறைக்கு ஒத்து வராது என்று அறிவித்துக் கைவிட்டார். ரஷ்ய எல்லைக்கு அருகிலுள்ள இடம் அது. உடல் எடுக்கப் போன படை ஒரு தோட்டா பட்டாலும் போரின் தரப்பாகிவிடும். தங்கள் குடிமக்களை அத்தனை பேரை இழந்த நாடு, நேட்டோவில் இருக்கும் நாடு, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. இந்தச் செய்தியை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன்.

மூன்றாவது வழி, போரோடாயிடம் நேராகப் பேசுவது.

அந்த இரவு

பிரதமர் நஜிப் துன் ரசாக் மூன்றாவது வழியை எடுத்தார். வெளியே யாருக்கும் சொல்லாமல் எடுத்தார். கோலாலம்பூரில் 22-ஆம் தேதி நள்ளிரவு தாண்டிய நேரத்தில்தான் ஒப்பந்தத்தை அறிவித்தார். அதில் மூன்று அம்சங்கள். தோரெஸில் இருக்கும் உடல்கள் ரயிலில் கார்கிவ் நகருக்குக் கொண்டுபோகப்பட்டு நெதர்லாந்துப் பிரதிநிதிகளிடம் ஒப்படைக்கப்படும். நம் குழுவினர் ஆறு பேர் கூடவே போவார்கள். கறுப்புப் பெட்டிகள் டொனெட்ஸ்கில் மலேசியக் குழுவிடம் கொடுக்கப்படும். அனைத்துலக விசாரணையாளர்களுக்குப் பாதுகாப்பான வழி விடப்படும். கோபத்தை வெளிப்படையாகக் கொட்ட வேண்டும் என்று தனக்கும் தோன்றியது, ஆனால் நல்ல முடிவுக்காகச் சில நேரம் சத்தமில்லாமல் வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்ற பொருளில் அப்போது பேசினார்.

டொனெட்ஸ்கில் நடந்த ஒப்படைப்பின் காணொளியை எங்கள் கலந்துரையாடலில் போட்டுக் காட்டினேன். நடு இரவு. மேசைமேல் ஆரஞ்சு நிறப் பெட்டிகள் இரண்டு. ஒரு பக்கம் போரோடாய், மறு பக்கம் நம் தேசிய பாதுகாப்பு மன்றத்தைச் சேர்ந்த கர்னல் முகமட் சாக்ரி. சுற்றிலும் கேமராக்கள், ஆயுதம் தாங்கியவர்கள். காகிதத்தில் இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். கர்னல் அந்த மனிதரை ஓர் அரசுத் தலைவருக்குரிய மரியாதையோடு விளித்து நன்றி சொல்கிறார்.

இந்த இடத்தில் எங்கள் கூட்டத்தில் ஓர் இளம் வழக்கறிஞர் எழுந்துவிட்டார். “298 பேரைக் கொன்ன பக்கத்துக்கே மரியாதையா? கையெழுத்து வேற. இதுக்குப் பேரு அங்கீகாரம் இல்லையா?”

அப்போது மேற்கத்திய விமர்சகர்களும் இதையே கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நடந்ததைப் பாருங்கள். மலேசியா அந்தக் குடியரசை அன்றும் அங்கீகரிக்கவில்லை, இன்றும் அங்கீகரிக்கவில்லை. கையெழுத்தால் போரோடாய்க்குக் கிடைத்தது ஓர் இரவுக் கேமரா வெளிச்சம். நமக்குக் கிடைத்தது ரயில். அது 22-ஆம் தேதியே கார்கிவ் போய்ச் சேர்ந்தது. மறுநாள் முதல் சவப்பெட்டிகள் நெதர்லாந்தின் எய்ந்தோவனில் இறங்கின. ஆகஸ்ட் 22 அன்று முதல் 20 மலேசியர்களின் உடல்கள் சிப்பாங் வந்தன. நாடே துக்கம் அனுசரித்தது. அன்று அந்த உடல்களைப் பெற்றுக்கொண்ட குடும்பங்களிடம் போய் ‘ஏன் மரியாதையாக விளித்தீர்கள்’ என்று கேட்க எனக்கு வாய் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆயுதக் குழுவோடு பேசும் பழக்கம் புத்ராஜெயாவுக்குப் புதிதில்லை. பிலிப்பீன்ஸ் அரசுக்கும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணிக்கும் இடையில் ஆண்டுக்கணக்கில் நடுவராக இருந்து, அதே 2014 மார்ச் 27-இல் மணிலாவில் விரிவான ஒப்பந்தம் கையெழுத்தாக உதவியது மலேசியா. அந்த அனுபவம் ஜூலையில் கை கொடுத்திருக்கும் என்பது என் ஊகம். துப்பாக்கி வைத்திருப்பவரிடம் பேசினால் தீட்டு என்று நினைக்கும் அரசாக இருந்திருந்தால் போரோடாயுடனான தொலைபேசிப் பேச்சே நடந்திருக்காது.

பெட்டி சொன்ன செய்தி

பேச்சின் பலன் உடல்களோடு முடியவில்லை. இந்தப் பகுதியைப் பலரும் அறியாததால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கறுப்புப் பெட்டிகளை மலேசியா நெதர்லாந்திடம் ஒப்படைத்தது. அவை இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வகத்துக்குப் போயின. யாரும் கை வைத்து மாற்றியதற்கான அறிகுறி இல்லை என்று உறுதியானது. விமானி அறையின் குரல் பதிவில் எச்சரிக்கை எதுவும் இல்லை, அலறல் இல்லை. சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்த பதிவு சட்டென்று நின்றுவிடுகிறது. ஆனால் நிற்பதற்கு முந்தைய கடைசி 20 மில்லி விநாடியில் இரண்டு ஒலி உச்சங்கள் பதிவாகியிருந்தன. விமானி அறையின் ஒலிவாங்கிகளை அந்த ஓசை எந்த வரிசையில் எட்டியது என்று கணக்கிட்டார்கள். வெடிப்பு விமானத்துக்கு வெளியே, விமானி அறையின் இடப்பக்கம் மேலே நடந்தது என்று தெரிந்தது. உடல்களிலும் சிதைவுகளிலும் கிடைத்த உலோகத் துணுக்குகளோடு இதைச் சேர்த்துத்தான், 2015 அக்டோபர் 13 அன்று நெதர்லாந்துப் பாதுகாப்பு வாரியம் தரையிலிருந்து வானுக்குப் பாயும் பக் ஏவுகணையே காரணம் என்று அறிக்கை வெளியிட்டது.

அடுத்து குற்றவியல் விசாரணை. ஏவுகணையை ஏவிய பக் வாகனம் ரஷ்யாவின் கூர்ஸ்க் நகரிலுள்ள 53-ஆவது வான்காப்புப் படைப்பிரிவுக்குச் சொந்தமானது என்று கூட்டு விசாரணைக் குழு 2018-இல் அறிவித்தது. 2022 நவம்பர் 17 அன்று நெதர்லாந்து நீதிமன்றம் மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது; நான்காமவர் விடுவிக்கப்பட்டார். மூவரும் நீதிமன்றத்தில் இல்லை, சிறைக்கும் வரவில்லை. இருந்தாலும் தீர்ப்பு ஏட்டில் ஏறிவிட்டது. அந்தத் தீர்ப்புக்கான சான்றுகளில் ஒரு பங்கு டொனெட்ஸ்க் மேசையிலிருந்து வந்தது. பேச்சும் நீதியும் எதிரெதிர் என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பேச்சின் எல்லை

இனி மறுபக்கம். ஒப்பந்தத்தின் மூன்றாவது அம்சம், அதாவது விசாரணையாளர்களுக்குப் பாதுகாப்பான வழி, அரைகுறையாகத்தான் நிறைவேறியது. சண்டை ஓயவில்லை. ஜூலை கடைசியில்தான் வல்லுநர்கள் வயலுக்குள் போனார்கள். ஆகஸ்ட் 6 அன்று தேடுதலையே நிறுத்த வேண்டி வந்தது. போரோடாயால் ரயிலை விட முடிந்தது, பீரங்கியை நிறுத்த முடியவில்லை. அது அவர் கையில் மட்டும் இருந்த காரியமும் இல்லை.

பிறகு 2015 ஜூலை 29. பாதுகாப்பு மன்றத்தில் அப்போது உறுப்பினராக இருந்த மலேசியா, குற்றவாளிகளை விசாரிக்க அனைத்துலகத் தீர்ப்பாயம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தது. 11 நாடுகள் ஆதரவு. சீனா, அங்கோலா, வெனிசுவேலா நடுநிலை. ரஷ்யா தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தியது. அதோடு அந்தக் கதவு மூடியது.

இந்தத் தோல்வியை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். கதவு மூடும் என்று தெரிந்தே தட்டினோம். அதன் பின்னர் நடந்ததுதான் எனக்கு வலிக்கிறது. 2019 ஜூனில் விசாரணைக் குழு நான்கு சந்தேக நபர்களின் பெயரை வெளியிட்டபோது, அந்தக் குழுவில் நாமும் உறுப்பினர். அப்போதைய பிரதமர் மகாதீரோ ஆதாரம் போதாது, ஆரம்பத்திலிருந்தே ரஷ்யாவைக் குற்றம் சாட்டும் அரசியல் இது என்றார். நம் காவல்துறையும் சட்டத்துறையும் சேர்ந்து உழைத்த விசாரணையை நம் பிரதமரே உதறினார். 2022 மார்ச்சில் ஆஸ்திரேலியாவும் நெதர்லாந்தும் அனைத்துலகப் பொது விமானப் போக்குவரத்து நிறுவனத்தில் ரஷ்யாவுக்கு எதிராக வழக்குப் போட்டன. 2025 மே மாதம் அதன் மன்றம், ரஷ்யா அனைத்துலக விமானச் சட்டத்தை மீறியது என்று முடிவு சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ரஷ்யாவையே பொறுப்பாக்கியது. விமானம் மலேசியாவுடையது, வாலில் நம் சின்னம். விமானச் சட்டத்தின் கீழ் போட்ட அந்த வழக்கில் நாம் வாதியாக இல்லை.

சத்தமில்லாமல் பேசி உடல்களைப் பெற்றது சாமர்த்தியம். பெற்ற பிறகும் சத்தமில்லாமலே இருந்தது வேறு சங்கதி.

ஆயுதப் பக்கம்

ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த 2022 பிப்ரவரி 24-க்குப் பிறகு கேள்வி மாறியது. இப்போது உடல்களும் பெட்டிகளும் பேச்சுப்பொருள் இல்லை. ஒரு நாடு இருக்குமா இல்லையா என்பது. எங்கள் கூட்டத்தில் சூடு ஏறியதும் இங்கேதான்.

ஆகாயப்படையில் பல ஆண்டுகள் விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வருவார். எல்லாருக்கும் அவர் ‘அங்கிள்’. மலேசியா 1995-இல் ரஷ்யாவிடமிருந்து மிக்-29 விமானங்களைப் பெற்றது. 2003-இல் 18 சுகோய்-30 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது, விலையில் ஒரு பகுதியைப் பாமாயிலாகவே கொடுத்தது. “ஆயுதம் வாங்குறதும் கொடுக்குறதும் ஒரு நாள் வேலை இல்லம்மா. ஸ்பேர் பார்ட்ஸ், பயிற்சி, ஆயில் சீல் முதக்கொண்டு கொடுத்தவன்கிட்டதான் நிக்கணும். முப்பது வருசம் அவன் முகத்தப் பார்த்துப் பேசணும்,” என்றார் அவர். ரஷ்யாவைக் கண்டித்துப் பேச நம் அரசுகள் தயங்கியதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இதை விட்டுவிட்டுப் பேசுவது முழுக் கணக்காகாது.

“சரி அங்கிள், அப்ப உக்ரைன்காரன் என்னதான் செஞ்சிருக்கணும்?” என்றார் வழக்கறிஞர். “மின்ஸ்க்ல 2014 செப்டம்பர்ல ஒரு தடவ, 2015 பிப்ரவரில ஒரு தடவ சண்டை நிறுத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. நின்னுச்சா?”

நிற்கவில்லை. அங்கிளும் அதை மறுக்கவில்லை.

அப்போதுதான் டீச்சர் பேசினார். பிரிக்ஃபீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்த, யாழ்ப்பாண வேர் கொண்ட குடும்பத்தவர். “ஆறு வருசம் பேச்சுவார்த்தை, பேச்சுவார்த்தை எண்டு கேட்டுக்கொண்டே இருந்தனாங்கள், தம்பி. கடைசியில என்ன மிஞ்சினது?” நார்வே நடுவராக இருந்து 2002 பிப்ரவரியில் வந்த போர்நிறுத்தம் 2008 ஜனவரியில் முறிந்ததையும், 2009 மே மாதத்தையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். கடைசி மாதங்களில் 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐநா நிபுணர் குழு 2011-இல் எழுதியது. 2009 மே 27 அன்று ஜெனீவா மனித உரிமை மன்றத்தில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளில் நிறைவேறியது. அந்த 29-இல் மலேசியாவின் வாக்கும் ஒன்று. தமிழர்கள் நிறைந்த அறையில் பேச்சுவார்த்தையைப் புகழ்ந்து பேசுபவர் இந்த வாக்குக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் எங்கே நிற்கிறேன்

இந்த நிகழ்வை எத்தனையோ கோணத்தில் பார்த்துவிட்டு நான் வந்து சேர்ந்த இடம் இது. பேச்சு எப்போது பலித்தது? போரின் இலக்கிலிருந்து கழற்றி எடுக்கக்கூடிய ஒரு பொருள் மேசையில் இருந்தபோது. உடல்களை வைத்துக்கொள்வதால் போரோடாயின் தரப்புக்கு எந்த லாபமும் இல்லை. உலகத்தின் வெறுப்புதான் கூடிக்கொண்டிருந்தது. கொடுத்தால் ஒரு மதிப்பு கிடைக்கும் என்று நினைத்தார்கள், கொடுத்தார்கள். 2022 ஜூலை 22-இல் துருக்கியும் ஐநாவும் முன்னின்று செய்த கருங்கடல் தானிய ஒப்பந்தமும் அப்படித்தான். ஓராண்டில் 3 கோடி டன்னுக்கு மேல் தானியம் வெளியேறியது. ரஷ்யா தனக்கு லாபம் இல்லை என்று முடிவு செய்த நாளில், 2023 ஜூலை 17-இல், அது நின்றது. கத்தார் நடுவராக இருந்து, ரஷ்யாவுக்குக் கொண்டுபோகப்பட்ட உக்ரைன் பிள்ளைகளை வீடு சேர்த்ததும், ஐக்கிய அரபு அமீரகம் கைதிகளைப் பரிமாற வைத்ததும் இதே வகை.

மின்ஸ்கில் கழற்ற எதுவும் இல்லை. மண்ணே பேச்சுப்பொருள். அதில் ஒரு தரப்பு படையோடு வரத் தீர்மானித்துவிட்டால், எதிரில் இருப்பவரிடம் தடுக்கும் வலு இருக்க வேண்டும். 2022-இல் உக்ரைனுக்கு ஆயுதம் கொடுத்தவர்கள் சரியாகத்தான் செய்தார்கள் என்று நான் நினைக்கிறேன். அங்கிள் இதில் என்னோடு உடன்பட மாட்டார், பரவாயில்லை. துருக்கியைப் பாருங்கள்: பைரக்தார் ட்ரோன்களை உக்ரைனுக்கு விற்றது, அதே துருக்கிதான் தானியத்துக்கும் நடுவராக இருந்தது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று அங்காராவில் யாரும் நினைக்கவில்லை.

மலேசியா ஆயுதம் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கொடுக்கும் நிலையிலும் இல்லை. 1971-இல் கோலாலம்பூர்ப் பிரகடனத்தில் நடுநிலைக்குக் கையெழுத்துப் போட்ட நாடு இது. அந்த நடுநிலையால்தான் 2014-இல் போரோடாய் நம் தொலைபேசியை எடுத்தார். ஆனால் ஆயுதம் கொடுக்காத நாட்டுக்கு வாயாவது இருக்க வேண்டும். 2022 மார்ச் 2 அன்று ஐநா பொதுச் சபையில் படையெடுப்பைக் கண்டித்து 141 நாடுகளில் ஒன்றாக வாக்களித்தோம். ஒரு மாதம் கழித்து ரஷ்யாவை மனித உரிமை மன்றத்திலிருந்து நிறுத்தி வைக்கும் வாக்கெடுப்பில் ஒதுங்கிக்கொண்டோம். இப்படி ஒரு காலை முன்னே, ஒரு காலைப் பின்னே வைத்தால் நடுவராகவும் மதிப்பார் இல்லை, பாதிக்கப்பட்டவராகவும் கேட்பார் இல்லை.

நெதர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் ரஷ்யாவிடம் கேட்பது இழப்பீடு பற்றிய பேச்சுவார்த்தை. அதுவும் பேச்சுதான், மலேசியாவுக்குக் கைவந்த வேலை. அந்த மேசை போடப்படும் நாளில் 43 குடும்பங்களின் சார்பில் அங்கே ஒரு நாற்காலி வேண்டும் என்று வெளியுறவு அமைச்சு இப்போதே எழுத்தில் கேட்க வேண்டும். 2014-இல் டொனெட்ஸ்க் வரை ஒரு கர்னலை அனுப்பத் துணிந்த அரசுக்கு, ஒரு கடிதம் அனுப்புவது பெரிய காரியமில்லை.